மூளை உறிஞ்சும் இயந்திரத்தின் சத்தம்

விஸ்வேஸ்வரன் எடுத்த படத்தில் மூளை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று உண்டு. தெர்மோகோல் பெட்டிக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து, முன்னால் ஒரு ஓட்டை போட்டிருந்தார்கள். வில்லன் கதாநாயகனின் கையைப் பிடித்து அந்த ஓட்டைக்குள் திணிப்பான். கை வழியாக ஞாபகமெல்லாம் போய்விடும். மூளையை எடுக்கக் கை எதற்கு என்று கேட்டேன்.

"அதான் சயின்ஸ்" என்றார்.

அவர் பம்பாய் மாதுங்காவில் வளர்ந்த தமிழர். நான் புனேயில் ஒலிப்பதிவுப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, போசரியில் தகடு வெட்டும் ஒரு பவர் பிரஸ் ஷாப்பில் இரவு ஷிப்ட் பார்ப்பவன். தகட்டை வை, பெடலை மிதி, எடு. மூன்று வருடமாக இதுதான். படத்து இயந்திரத்துக்கு நான் செய்து தரும் சத்தம் சரியாக அமைந்து ஜனங்கள் பயந்தால் என்னை பம்பாய்க்கே அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அவரைச் சகித்துக்கொண்டேன்.

"ஜோசப், உலகத்துல யாருமே கேட்காத சத்தமா இருக்கணும்டா."

"யாருமே கேட்காததுன்னா பயம் எப்படி சார் வரும்?"

"ஆர்க்யூ பண்ணாதே. மிக்ஸில சோழி போட்டுப் பாரேன்."

போட்டேன். மிக்ஸிதான் போயிற்று. கிழிந்த ஹார்மோனியத் துருத்தி, தகரக் குடத்துக்குள் அலாரம் கடிகாரம், எதைக் கொண்டுபோனாலும் உதட்டைப் பிதுக்கி "சோல் இல்லை, ஆத்மா இல்லை" என்றார். தெர்மோகோலுக்கு சோல்.

கடைசியில் எங்கள் பிரஸ்ஸையே பதிவு செய்து கொடுத்தேன். கிளட்ச் பிடிக்கும் 'டக்', ஒரு நொடி நிசப்தம், இடி, காற்று வெளியேறும் 'ஷ்ஷ்'. டேப்பைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. அதற்கு மேல் உழைக்க அந்தப் படத்துக்கு யோக்யதை கிடையாது.

"வேற கிரகம்டா இது!" என்று என் தோளைக் குலுக்கினார். வேறு கிரகம்தான். காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மாதம் நான்கு தடவை எங்கள் ஷாப்பைக் கடந்து போகிறார்.

சோதனைக் காட்சிக்குப் பக்கத்து ஆகுர்டியில் ஒரு தியேட்டரைப் பிடித்தார். காலைக் காட்சி, வாடகை மலிவு. டிக்கெட் கிடையாது. சாதாரண ஜனங்களின் ரியாக்ஷன் வேண்டுமாம். ஷிப்ட் முடிந்தவர்கள் எண்ணெய்க் கறையோடு வந்து உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் படம் ஆரம்பிக்கும் முன்பே தூங்கிவிட்டார்கள்.

இயந்திரம் வந்தது. 'டக்'.

தூங்கியவர்கள் நிமிர்ந்தார்கள். இரண்டாவது 'டக்'கில் விசில் பறந்தது. "அரே, ஹா தர் ஆப்லா பிரஸ்!" நம்ம பிரஸ்டா இது என்றார்கள். வில்லன் கையைத் திணித்தபோது, "ஹாத் காட், ஹாத் காட்!" என்று கூரை பிய்த்துக்கொண்டு போகக் கத்தினார்கள், கையை எடுடா என்று. "மோட்டாரை நிறுத்துடா!" "சூப்பர்வைசரை உள்ளே விடுடா, அவனுக்குத்தான் மூளை இல்லை!" வசனம் ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு குனிந்திருந்தான். மறுபடி 'டக்' கேட்டதும் எழுந்து, வரிசையிலிருந்த கால்களையெல்லாம் மிதித்துக்கொண்டு வெளியேறினான். கதவைத் தள்ளியபோது வெளிச்சம் விழுந்தது. வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது.

விஸ்வேஸ்வரன் என் சட்டையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்து வந்தார்.

"கோமாளி ஆக்கிட்டியேடா என்னை! ஒருத்தனாவது பயந்தானா? ஒருத்தன் போரடிச்சு எழுந்தே போயிட்டான், பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

அதற்கு மேல் சொல்லவில்லை. சொன்னால் அவனைத் தேடிப் பிடித்து போஸ்டரில் போட்டிருப்பார்.

பையிலிருந்து ஒரு வீடியோ கேசட்டை எடுத்து நீட்டினார். ஏதோ வெளிநாட்டுப் படம். "இதுல ஒரு மெஷின் வருது. அந்தச் சத்தத்தை அப்படியே எடுத்து நம்ம படத்துல ஒட்டு. திங்கட்கிழமை பம்பாய் வந்துடு. முடியாதுன்னா இப்பவே சொல்லு, ஆள் இருக்கு."

"இது எல்லாரும் கேட்ட சத்தமாச்சே சார்?"

"அதனாலதாண்டா பயப்படுவான்."

உள்ளே இன்னும் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். கேசட்டை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். பம்பாய்க்குப் போகிறேன் என்று போசரியில் சொல்லிக்கொள்ளக்கூடப் போகவில்லை. அன்றிரவே என் பிரஸ்ஸில் வேறு ஒருவனை உட்கார வைத்திருப்பார்கள்.