ஆளுக்கு ஐந்து நிமிடம்

வியாழக்கிழமை மத்தியானம், பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கேள்வித்தாள்களில் மூன்றாவது கட்டின் பதினேழாவது தாளைப் புரட்டியபோது என் கை அப்படியே நின்றுவிட்டது.

கேள்வி இருபத்தொன்பது: ‘மாதவிடாய் பற்றி யாரிடமும் கேட்காமல் வைத்திருக்கும் சந்தேகம் ஏதாவது உண்டா?’ பெரும்பாலான பிள்ளைகள் அதைக் காலியாக விட்டிருந்தார்கள். சிலர் ‘இல்லை’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார்கள். ‘கேட்டால் திட்டுவீர்களா?’ என்று ஒருத்தி எங்களையே கேட்டிருந்தாள். இந்தத் தாளில் மட்டும் எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓரம்வரை ஓடியிருந்தது.

‘பத்தொன்பது நாளா நிக்கல. படி ஏறினா கண்ணு இருட்டுது. இது புற்றுநோயா? அம்மாவுக்குப் போன வருஷம்தான் கர்ப்பப்பை எடுத்தாங்க. அவங்ககிட்ட இதைச் சொல்ல முடியாது.’

கர்ப்பப்பை என்ற சொல்லைப் பார்த்ததும் கண் தானாக மேல் மூலைக்குப் போனது. அங்கேதான் குறியீடு இருக்கும். பெயர் எழுதக் கூடாது. ஆனால் ஆறு மாதம் கழித்து அதே பிள்ளை எழுதும் இரண்டாவது தாளை முதல் தாளோடு சேர்த்தாக வேண்டும். அதற்காக நானே யோசித்து வைத்த ஏற்பாடு: அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், எழுதும் கை எது. யாராலும் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்று நெறிமுறைக் குழுவின் முன் மார்தட்டியவள் நான். வீட்டு மனுஷியால் முடியும் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

‘ஞ, 31, 0, இடது.’

என் அக்காவின் ஒரே மகள். அவளுடைய பிரிவை நான்தான் ஆய்விலிருந்து விலக்கி வைத்திருந்தேன். போன மாதம் பள்ளியில் பிரிவுகளைக் கலைத்து மாற்றியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது.

தாளைக் கவிழ்த்து வைத்தேன். எழுந்தேன், உட்கார்ந்தேன். தண்ணீர் பிடிக்கப் போய் பாட்டிலை எடுக்காமல் திரும்பி வந்தேன். பிறகு பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டி, படித்ததைச் சொன்னேன்.

“பேர் இல்லாத தாள்தானேம்மா?” என்றார்.

“யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு மேடம்.”

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “என்கிட்ட சொல்லாதே. அவகிட்டயும் போய்க் கேக்காதே. யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு எழுதிக் கொடுத்துட்டுத்தான் எழுத வெச்சிருக்கோம்.”

“ரத்தம் போய்க்கிட்டே இருக்கு மேடம்.”

அவர் கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டினார். நான்தான் சொன்னேன். “நர்ஸை அந்த வகுப்புக்கு அனுப்பலாம். நாற்பத்திரண்டு பேரையும் தனித்தனியா பாக்கட்டும். ஆளுக்கு அஞ்சு நிமிஷம். யாரும் தனியா தெரிய மாட்டாங்க.”

“நாம எதுவும் செய்யாம விட்டு ஒப்பிடுற பள்ளிக்கூடம் அது. நர்ஸ் உள்ள போயிட்டா ஒப்பீட்டுக்கு ஆகாது. உன் எட்டு மாச வேலை அம்போ.”

“அம்போதான்.”

“குழுவோட அனுமதி வாங்கணும். திங்கட்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதே.”

திங்கட்கிழமை என்பது எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க நாட்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவள் தாள் எழுதியது திங்கள். அன்று பத்தொன்பது என்றால் இன்று இருபத்து மூன்று. கைபேசியில் அவள் எண்ணை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். சனிக்கிழமை காலை கால் தானாக அக்கா வீட்டுக்குப் போய்விட்டது.

“வாடி ஆராய்ச்சிக்காரி! வழி தெரிஞ்சு வந்தியா, யாராவது கொண்டு வந்து விட்டாங்களா?” என்றாள் அக்கா.

மகள் நீள நாற்காலியில் முழங்காலை மடித்துப் படுத்திருந்தாள். உதடு காகிதம்போல வெளுத்திருந்தது.

“இவளைப் பாரு. ரெண்டு மாடி ஏற மகாராணிக்கு லிப்ட் வேணுமாம். நான் ஆபரேஷன் பண்ண உடம்போட ஏறி இறங்குறேன்.”

“அம்மா, போதும்” என்றாள் அவள். என் பக்கம் திரும்பி, “சித்தி, நீங்களாவது இவங்களை ஆராய்ச்சி பண்ணுங்களேன்” என்றாள். மூவரும் சிரித்தோம். அக்கா கொடுத்த காபியைக் குடித்தேன். “உடம்பு சரியில்லையா?” என்று கேட்க வாய் எடுத்தேன். எந்தச் சித்தியும் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் நான் வெறும் சித்தி இல்லையே, தாளைப் படித்தவள். கேட்காமல் படி இறங்கினேன். பாதிப் படியில் நின்றேன். மறுபடி ஏறவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அனுமதி வந்தது. பதினொன்றுக்கு நானும் நர்ஸும் வகுப்பில் இருந்தோம். பேராசிரியர் எழுதிக் கொடுத்ததை மட்டும் வாசித்திருக்கலாம். மற்ற நாற்பத்தொரு முகங்களுக்கு நடுவே முன்வரிசையில் அந்த ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை.

“நீங்க எழுதின குறியீட்டை வெளியாள் கண்டுபிடிக்க முடியாது. தெரிஞ்சவங்க கண்டுபிடிக்கலாம். ஒண்ணை நான் கண்டுபிடிச்சுட்டேன். தப்பு என்னோடது. இன்னைக்கே எல்லாத் தாள்லயும் அந்த மூலையை வெட்டி எடுத்துடுவேன்.”

வகுப்பு கொதித்தது. “யாரோடது மிஸ்?” “என்னோடதா மிஸ்? நான் ஒண்ணுமே எழுதலையே!” “அதான் பிரச்சினை, நீ பரீட்சையிலயும் எழுத மாட்டே!” சிரிப்பு. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

பக்கத்து அறையில் நர்ஸ் பார்க்கத் தொடங்கினார். ஒவ்வொருத்தியாகப் போனார்கள், வந்தார்கள். தன் முறை வந்ததும் அவள் தாழ்வாரத்தில் என் எதிரே வந்து நின்றாள்.

“முழுசா படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“எப்போ?”

“வியாழக்கிழமை.”

சுவரைப் பிடித்துக்கொண்டாள். “சனிக்கிழமை வந்து காபி குடிச்சிட்டுப் போனீங்க.”

என்னிடம் பதில் இருந்தது: வாக்குறுதி, குழு, அனுமதி. அதையெல்லாம் விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த பெஞ்சைக் காட்டினேன்; அவள் உட்காரவில்லை.

“நான் செத்துடுவேனோன்னு தினம் பயந்துட்டு இருந்தேன் சித்தி.”

“சனிக்கிழமையே உன்னைக் கேட்டிருக்கணும்.”

“கேட்டிருக்கணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐந்து நிமிடம் பதினைந்தானது. அடுத்திருந்த பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். நர்ஸ் வெளியே வந்து என்னை ஓரமாக அழைத்தார்.

“பயப்படுற மாதிரி நோயா தெரியல. இந்த வயசுல இப்படி வர்றது உண்டு, மருந்துல நிக்கும். ஆனா ரொம்ப ரத்தம் போயிருக்கு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், அம்மா வரணும்.”

அவர் பின்னால் அவள் நின்றிருந்தாள். அழுது முடித்த முகம். கையை நீட்டினாள்.

“போனைக் கொடுங்க. அம்மாகிட்ட நான்தான் சொல்லுவேன். நீங்க எதுவும் பேசக் கூடாது.”

அக்காவின் எண்ணை அழுத்திக் கொடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலேயே பெஞ்சில் எனக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.