இணைச்சீருக்கு முந்தின வாரம்

லோகப்பிரியாவுக்கு மூக்கின் இரு பக்கமும் சிவப்பு நூல் ஒட்டினாற்போல் மெல்லிய ரத்தக்குழாய்கள். பவுடருக்கும் அடங்காதவை. அண்ணன் கதிர்வேலின் கல்யாணத்தில் இணைச்சீர்ச் சடங்குக்குத் தங்கை அவள்தான் நிற்க வேண்டும். கூறைப் புடவையின் ஒரு முனை மாப்பிள்ளையிடம், மறுமுனை தங்கையிடம். மண்டபமே அவள் முகத்தைப் பார்க்கும்.

அதற்காகத்தான் சிங்காநல்லூரில் தோல் டாக்டரிடம் லேசர் சிகிச்சைக்குப் போனாள்.

"ரெண்டு வாரத்துக்குள்ள வீட்ல விசேஷம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார் டாக்டர் பிரத்யுஷா.

கல்யாணம் அடுத்த ஞாயிறு. சொன்னால் தள்ளிப்போட்டு விடுவாரோ என்று பயந்தாள். "இல்லைங்க" என்றாள்.

ரப்பர் பேண்டை இழுத்து விட்டதுபோல் கன்னத்தில் சுள் சுள்ளென்று விழுந்தது. எந்த ஒளியை ரத்தம் உறிஞ்சும் என்று இயற்பியல் படித்தவளுக்குத் தெரியும். அதன்பின் தோல் எப்படி இருக்கும் என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

மறுநாள் கண்ணாடியில் மூக்கைச் சுற்றிக் கன்னமெல்லாம் ஊதா வட்டங்கள். யாரோ அறைந்த மாதிரி.

டாக்டருக்கு போன் போட்டு உண்மையைச் சொன்னாள். "அதானேம்மா கேட்டேன். கன்றினது தானா போயிரும், பத்து நாளாகும். கனமா மேக்கப் போட்டுத் தேய்க்காதே. புண்ணாயிரும்."

அம்மா ராசாத்தாள் தலையில் கை வைத்தாள். "சம்பந்தி ஊடு என்ன நெனைக்கும்? சித்தப்பன் மக நிவேதிகா நிக்கட்டும்."

லோகப்பிரியாவுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. இருந்தும் தலையாட்ட மனசு வரவில்லை.

கதிர்வேல் எட்டிப் பார்த்தான். "கேட்டா நாந்தான் அடிச்சுப்போட்டேன்னு சொல்லிக்க அம்மணி. ஆனா நீதான் நிக்கோணும். எனக்கு வேற தங்கச்சி இல்லை."

ஞாயிற்றுக்கிழமை ஊதா மஞ்சளாக வெளிறியிருந்தது, போகவில்லை. சீர்க்கூடையை ஏந்தி அண்ணன் பக்கத்தில் நின்றாள். வீடியோக்காரர் நிமிரச் சொன்னார். நிமிர்ந்தாள். முன்வரிசையில் யாரோ குசுகுசுத்தார்கள்.

சீர் முடிந்து இறங்கியதும் பெண் வீட்டு அம்மா ஒருவர் அவள் கையைப் பிடித்தார்.

"ஏனுங்க அம்மணி, மூஞ்சியில என்னங்க?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. மாடிப்படியில் விழுந்தேன் என்று.

"லேசருங்க. மூக்கோரம் ரத்தக்குழாய் சிவப்பாத் தெரிஞ்சுதுங்க. அதுக்குப் பண்ணுனது."

அந்த அம்மா இன்னும் நெருங்கி வந்தார். குரல் தாழ்ந்தது. "எம் மகளுக்கும் அப்படித்தான் கண்ணு. மாசக் கடைசியில அவளுக்கு நிச்சயம். நாளைக்கே கூட்டிப் போகலாமுங்களா?"

லோகப்பிரியா தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"போங்க. ஆனா நிச்சயம் இருக்குன்னு டாக்டர்கிட்ட மொதல்ல சொல்லிப்போடுங்க. அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே."