புள்ளி பூஜ்யம் ஐந்து இரண்டு டன்

வியாழக்கிழமை காலை நான் பூஜ்யமானேன். வலி எதுவும் இல்லை.

தவறு என்னுடையதுதான். ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் இன்டர்ன்ஷிப் செய்கிறேன். சரக்கு எங்கிருந்து எங்கே போகும் என்று முன்கூட்டியே கணக்கிடும் மென்பொருளில் கிடங்கை அப்படியே ஏற்றுவது என் வேலை. பெட்டிகள், அலமாரிகள், ஆட்கள் எல்லாம்.

என் வரிசையில் எடை ஐம்பத்திரண்டு கிலோ என்று போட்டேன். அலகு என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். அரிசிக்கு மூட்டை, சோப்புக்குப் பெட்டி. எனக்கு என்ன போடுவது என்று கூச்சமாக இருந்தது. காலிக் கட்டத்தில் மென்பொருள் தன் டீஃபால்ட்டைப் போட்டுக்கொள்ளும். டீஃபால்ட் டன். அது தசமம் பார்க்காது. அரை டன்னுக்குக் கீழே எதுவானாலும் பூஜ்யம்.

கேன்டீன் தூரத்துக்கும் நாற்பது என்று மட்டும் போட்டிருந்தேன். புதன்கிழமை வரை அது நாற்பது மீட்டர். வியாழக்கிழமை நாற்பது கிலோமீட்டர். காலையில் டீ வாங்கப் போன இரண்டு லோடுமேன்கள் மதியம் போன் செய்தார்கள். இன்னும் தாழ்வாரத்தில்தான் இருக்கிறார்களாம், சிங்கப்பெருமாள்கோவில் பக்கம்.

மறுநாள் பத்து மணிக்குக் கல்லூரியில் எனக்கு புராஜெக்ட் வைவா. போகாவிட்டால் அரியர். ஐந்து மணிக்கு கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி திரையைப் பார்த்தார். "வெளிய போறது பூஜ்யம்னு காட்டுது. பூஜ்யத்துக்கு எதுக்கு கேட்டத் தொறக்கணும்?"

நியாயமாகத்தான் இருந்தது.

மேனேஜர் தெய்வநாயகத்திடம் போய், என் அலகை நபர் என்று மாற்றச் சொன்னேன்.

"டீஃபால்ட்ல கை வைக்கக்கூடாதுப்பா. யோசிச்சுத்தான வச்சிருப்பாங்க."

யார் யோசித்தது என்று கேட்டேன். அதுவும் டீஃபால்ட்தான் என்றார். மாற்றுவதற்குப் படிவம் உண்டு, அதில் ஒரு நபர் கையெழுத்திட வேண்டும். நான் நபரான பிறகு வரச் சொன்னார்.

லாரி ஏற்றும் இடத்தில் மிச்சம் எட்டு லோடுமேன்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மேஸ்திரி கன்னியப்பன் என் கதையைக் கேட்டார். அவர் அதிரவில்லை.

"எங்களுக்கு அந்தக் கட்டம் பதினோரு வருஷமா காலிதான் தம்பி."

தினமும் சாயங்காலம் பத்துப் பேரும் பேக்கிங் கயிற்றால் இடுப்போடு இடுப்பாகக் கட்டிக்கொண்டு எடைமேடையில் ஏறுவார்களாம். ஐநூற்றுச் சொச்சம் கிலோ. திரையில் ஒன்று என்று விழும். கேட் திறக்கும். அவிழ்த்தால் பத்துப் பேரும் பூஜ்யம் என்பதால், இரவு தினம் ஒருத்தர் வீடு. பத்து நாளைக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் சொந்தப் பிள்ளைகளைப் பார்ப்பார்கள்.

என்னையும் கட்டினார்கள். ஒன்பது பேர், நானூற்று அறுபது கிலோ. பூஜ்யம். ஆளுக்கு இரண்டு செம்பு தண்ணீர் குடித்தோம். நானூற்று எழுபத்தைந்து. பூஜ்யம். மத்தியானம் நான் சோறு ஒழுங்காகச் சாப்பிட்டேனா என்று கன்னியப்பன் விசாரித்தார்.

அப்போது மேனேஜர் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தார். கேட் திறக்கவில்லை. புதன்கிழமை சோம்பல்பட்டு, என் காலிக் கட்டத்தையே அடுத்த வரிசைக்கும் இழுத்து விட்டிருந்தேன். அடுத்த வரிசை அவருடையது.

"நான் எண்பத்தெட்டு கிலோய்யா" என்றார் செக்யூரிட்டியிடம். அதைச் சொல்லும்போது வழக்கமாக அவருக்கு இருக்கும் வெட்கம் இல்லை. செக்யூரிட்டி படிவம் கேட்டார். ஒரு நபர் கையெழுத்திட்டது.

கன்னியப்பன் கயிற்றின் நுனியை நீட்டினார். "சட்டைய இன் பண்ணிட்டுக் கட்டுங்க சார். நழுவாது."

ஐநூற்று அறுபத்து மூன்று. திரையில் ஒன்று விழுந்தது.

செக்யூரிட்டி கேட் பாஸ் எழுதப் பெயர் கேட்டார். பத்துப் பேரும் பத்துப் பெயர் சொன்னோம். ஒன்றுக்கு ஒரு பெயர்தான் என்றார்.

"தெய்வநாயகம்" என்றார் மேனேஜர்.

அன்று இரவு கன்னியப்பன் வீடு. அவர் மனைவி ஒரு தட்டு வைத்தார்.

காலையில் பஸ்ஸில் ஒரு டிக்கெட் எடுத்தோம். வைவா அறையில் ஒரு நாற்காலி. தேர்வாளர் கேட் பாஸைப் பார்த்து, சொல்லுங்க தெய்வநாயகம் என்றார். எல்லாக் கேள்விகளுக்கும் நான் பதில் சொன்னேன். மேனேஜர் தலையாட்டினார். எண்பத்திரண்டு மதிப்பெண். தெய்வநாயகம் பாஸ். என் பெயருக்கு நேரே தேர்வாளர் 'வரவில்லை' என்று எழுதினார்.

பதில் சொன்னது நான்தானே என்றேன்.

"யாரு சொன்னாங்கன்னு போட இங்க கட்டம் இல்லப்பா."

மேனேஜர் மதிப்பெண் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்றார். கன்னியப்பன் என் முடிச்சு தளர்ந்திருப்பதைப் பார்த்து இறுக்கினார். அரியருக்குப் படிக்க வேண்டும், என் வீட்டு முறை எப்போது வரும் என்று கேட்டேன்.

அவர் கயிற்றின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எங்களை விரல்விட்டு எண்ணினார்.

"ஒண்ணு" என்றார். சந்தேகம் வந்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.