பளபளவென்று ஒரு குற்றம்

கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைக்கிற அந்த மனிதருக்குத் தன் தொழிலில் கொஞ்சம் கர்வம் உண்டு. அவர் துடைத்த இடத்தில் கண்ணாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். பறவைகளுக்குத் தொட்டுப் பார்க்க ஏது நேரம்? எதிரே பூங்கா, கண்ணாடிக்குள்ளும் அதே பூங்கா. எந்த மரம் நிஜம் என்று தெரியாமல் மூன்றாம் மாடியில் வந்து மோதி, கழுத்து முறிந்து ஆபீஸ் வாசலில் விழும். ஆட்கள் வருவதற்குள் பொறுக்கிப் பையில் போட்டுவிடுவார். தானே கொன்றதுபோல் கை கூசும்.

ஒருமுறை கயிறுகளைப் பழுது பார்க்கக் கொண்டுபோனார்கள். பத்து நாள் மூன்றாம் மாடியில் தூசி அப்பிக் கிடந்தது. அந்தப் பத்து நாளும் ஒரு பறவைகூட விழவில்லை. அவருக்குப் பொறி தட்டியது. கயிறு வந்ததும், துடைத்த அந்த மாடிக் கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க மூன்று விரல் இடைவெளியில் சோப்புக் குழம்பால் பொட்டுப் பொட்டாக வைத்தார்.

பக்கத்துக் கயிற்றில் தொங்கிய மைத்துனன் சிரித்தான்.

"என்ன மாமா, கட்டடத்துக்கு அம்மை போட்டிருக்கா?"

"உனக்கு ஒட்டாது மாப்ள, வேலையப் பாரு."

அந்த வாரமும் வாசல் சுத்தம்.

கம்பெனியில் அப்போது பசுமை வாரம். பறவைகளைக் காக்கும் குழுவில் பதினான்கு பேர். ஸ்வெட்டர் தேவைப்படும் அளவுக்கு ஏசியை வைத்து, பட்டப்பகலில் அத்தனை விளக்கையும் போட்டு, பூமி சூடாவதைப் பற்றி மூன்று மணி நேரம் கவலைப்பட்டார்கள். கவலை தீர்ந்ததும் குருவிப் படம் போட்ட பிளாஸ்டிக் பாட்டிலை ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். வியாழக்கிழமை பசுமை விருதுக்கு நடுவர்கள் வருவதாக ஏற்பாடு.

பராமரிப்பு மேனேஜருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் பளபளா. பொட்டுகளைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். காரணத்தைக் கேட்டு, அருமையான யோசனை என்று பாராட்டினார். குழுவுக்கு எழுதிக் கொடுத்தால் அடுத்த வருஷம் பரிசீலிப்பார்களாம். அதுவரை துடைத்துவிடச் சொன்னார். மாமன், மச்சான் இரண்டு பேரின் வேலையையும் நீட்டிக்கிற தாள் வெள்ளிக்கிழமைதான் தன் மேஜைக்கு வருகிறது என்பதையும் சிரித்துக்கொண்டே சேர்த்தார்.

மைத்துனனுக்குச் சிரிப்பு போய்விட்டது.

"பறவைக்கு ரெண்டு ரெக்கை இருக்கு மாமா. நமக்கு இந்தக் கயிறுதான்."

அவர் செவ்வாய்க்கிழமை துடைத்தார். துடைத்துவிட்டு நேராக மேனேஜரிடம் போய் நின்றார்.

"தொடச்சிட்டேன் சார். ஆனா விழுறதப் பொறுக்குறது என் வேலைத்தாள்ல இல்ல. இனிமே செய்ய மாட்டேன்."

புதன்கிழமை காலை வாசலில் நான்கு. குழுவினர் பதினான்கு பேரும் கவனமாகத் தாண்டிப் போனார்கள். ஒருவர் படம் எடுத்து, அழுகிற பொம்மையோடு எல்லோருக்கும் அனுப்பினார். கூட்டுகிற அம்மாக்களைக் கூப்பிட்டால், வாசல் எங்கள் பக்கம் இல்லை என்றார்கள். கடைசியில் இஸ்திரி போட்ட சட்டையோடு பளபளாவே குனிந்தார். மூன்று விறைத்திருந்தன. நாலாவது, பச்சையாக, கட்டைவிரல் பருமன்தான், அவர் உள்ளங்கையில் இரண்டு தரம் வாயைத் திறந்து மூடிவிட்டு அடங்கியது. அவர் வெகுநேரம் கையை மூடவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் கயிற்று அறைக்கு வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

"எத்தன வெரல் எடவெளி?" என்றார்.

விருது பக்கத்துக் கட்டடத்துக்குப் போனது. அங்கே கண்ணாடி சுத்தமாக இருந்ததாம். இவர்களைப் பற்றி, கண்ணாடியெல்லாம் சோப்புக் கறை, பராமரிப்பில் அலட்சியம் என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். குழு கூடி, பளபளாவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டது.

வெள்ளிக்கிழமை அவர் முதலில் வேலை நீட்டிப்புத் தாளை எடுத்தார். இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு கொஞ்சம் யோசித்து, வேலைப் பட்டியலின் அடியில் பேனாவால் ஒரு வரி எழுதினார்: மூன்றாம் மாடிக்குப் பொட்டு வைப்பது.

"நேத்துலேருந்து நாலாவதுலயும் மோதுது சார்," என்றார் கண்ணாடிக்காரர்.

பளபளா மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.