நடுவேலியில் ஒரு கம்பி

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. நகரத்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் சாலையை எப்படிச் சீராக்கலாம் என்று சிறு நூல் ஒன்று போடுகிறோம், நீங்களும் நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். கேட்டவர்கள் நல்லவர்கள். காரில் வந்து கேட்டார்கள், அது வேறு விஷயம். நானும் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்து, "வளரும் நாடுகளின் நகரங்களில் பாதசாரிகளின் நிலை" என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை.

காரணம், அன்று காலை நான் பார்த்த ஒரு காட்சி. அகலமான சாலை, நடுவில் ஆள் உயர இரும்பு வேலி. வேலியில் ஓரிடத்தில் மட்டும் கம்பி வளைந்திருந்தது. வேலைக்குப் போகிற பெண்கள் பையை முதலில் உள்ளே தள்ளிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, பக்கவாட்டில் நுழைந்து போய்க்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி நடைமேம்பாலம் ஆளே இல்லாமல் நின்றது. யார் கம்பியை வளைத்திருப்பார்கள் என்று முதலில் யோசித்தேன். பிறகு, இந்த வேலியை அடித்தவர் வீடு எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசித்தேன். அதோடு கட்டுரை கைவிட்டுப் போயிற்று.

2

முதல் தொடக்கம்: "தீப்பொறிகளுக்கு நடுவே அந்த வெல்டரின் முகம்"

வேண்டாம். வெல்டர் என்றாலே பொறி பறக்கவிட வேண்டுமா என்ன.

இரண்டாவது: "சாலை ஒரு நதி. அதன் இரு கரைகளிலும்"

இதுவும் வேண்டாம். நதியில் லாரி வருவதில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெல்டர் சாலைக்கு இந்தப் பக்கம் குடியிருந்தார். அவர் மனைவி சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். வீட்டு வாசலில் நின்றால் ஆஸ்பத்திரித் தண்ணீர்த் தொட்டி தெரியும். அவ்வளவு பக்கம். அவள் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தாள். பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள், நடைபாதை காணாமல் போயிற்று. வண்டிகள் வேகமாகப் போக ஆரம்பித்தன, ஆட்கள் அடிபட ஆரம்பித்தார்கள். ஆட்கள் குறுக்கே வருவதால்தானே அடிபடுகிறார்கள் என்று நடுவில் வேலி போட முடிவாயிற்று.

[இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். சாரம் இதுதான்: நம் ஊர்களில் சாலை வண்டியில் ஓடிப் போகிறவனுக்கானது, குறுக்கே கடக்கிறவனுக்கு அல்ல. கடக்கிறவன் இடைஞ்சல். எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்கிற குரல் மேடைப் பேச்சாளர் குரலாக இருந்தது.]

அந்த வேலியை அடிக்கும் வேலை கான்ட்ராக்டர் மூலம் வெல்டருக்கும் அவர் மச்சினனுக்கும் வந்தது. மச்சினன், மனைவியின் தம்பி. தாய் இல்லாத வீட்டில் அக்கா இடுப்பில் வளர்ந்தவன். மாமாவும் மச்சினனும் ஒன்றாகத்தான் பட்டறை வைத்திருந்தார்கள். ஆக, மனைவி போகிற வழியைக் கணவரும் தம்பியும் சேர்ந்து அடைத்தார்கள். அடைக்கும்போது அவர்களுக்கு அது தோன்றவேயில்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தார்கள்.

3

வேலி வந்த பிறகு அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த திருப்பம் வரை போய்ப் பார்த்தாள். பெரிய மேம்பாலத்தின் அடியில், லாரிகள் வளைகிற இடத்தில் வளைய வேண்டும். ஒரு நாள் லாரி உரசி விழுந்தாள். அன்றிலிருந்து சைக்கிள் சுவரோடு சாய்ந்துவிட்டது.

"நடைபாலத்துல ஏறிப் போயேன்," என்றார் வெல்டர்.

"ஏறிடுவேன். எறங்கும்போதுதான் முட்டி கழண்டு தனியா வருது. நாள் முழுக்க நின்னுட்டு வர்றவளுக்குத்தான் தெரியும்."

"அங்க லிப்ட் இருக்கே."

"இருக்கு. பூட்டும் இருக்கு. சாவி யாருகிட்டன்னு அந்த லிப்டுக்கே தெரியாது."

"ஆட்டோல போ அப்ப."

"எதுத்தாப்ல இருக்கற எடத்துக்கு ஆட்டோவா? நல்லா சிரிப்பாங்க." கொஞ்ச நேரம் கழித்து, காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "வேலி போட்டதுதான் போட்டீங்க, கட்டினவளுக்கு ஒரு கதவு வச்சிருக்கக் கூடாதா?"

அவள் கிண்டலாகச் சொன்னாள். அவர் அதை மனதில் போட்டுக்கொண்டார்.

வேலியில் வண்டி மோதி உடைந்தால் சரிசெய்ய இவர்களைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு முறை போனபோது, ஒரு கம்பியை மட்டும் அவர் வெல்டு வைக்காமல் விட்டார். மேல் பட்டையில் துளை போட்டுக் கம்பியைச் செருகினார். கீழ்முனை ஒரு குழியில் சும்மா உட்கார்ந்திருக்கும். கையால் தூக்கினால் கீழ்முனை விடுபடும், விலக்கிவிட்டு ஒல்லியான ஆள் நுழைந்துவிடலாம். விட்டால் பழையபடி உட்கார்ந்துகொள்ளும். மேலே பெயின்ட் அடித்துவிட்டார். எந்தக் கம்பி என்று அவளுக்கு மட்டும் காட்டிக்கொடுத்தார்.*

* மச்சினனிடம் ஏன் சொல்லவில்லை? வாசகர் கேட்பீர்கள், நானும் கேட்டேன். மச்சினன் வேலையில் கறார். "ஒரு பொட்டு வெல்டு விட்டாலும் நம்ம பட்டறைப் பேரு போயிடும்" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்கிறவன். வேண்டுமென்றே வேலையைக் குறையாக விட்டேன் என்று அவனிடம் சொல்ல மாமாவுக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் கதைக்கு வசதியாக இருந்திருக்கும்.

4

சில மாதங்கள் அவள் அந்த வழியாகப் போய் வந்தாள். இந்தப் பகுதியை நீட்டி எழுத ஆசை. அவள் கம்பியைத் தூக்குகிற விதம், பிறகு சேலையைச் சரிசெய்துகொள்கிற விதம், சாயங்காலம் வீட்டுக்கு வந்து "உங்க கதவு இன்னிக்குக் கொஞ்சம் இறுகலா இருந்துச்சு, எண்ணெய் போடுங்க" என்று கணவரைச் சீண்டுகிற விதம். அவர் மாதிரிக் கணவர்கள் மனைவியிடம் பிரியத்தை வாயால் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள். கம்பியில் சொல்லிவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வேலிக்கு அடியில் நிற்க இடம் கிடையாது. கால் வைக்கிற அளவுக்கு ஒரு திட்டு, அவ்வளவே. கம்பி உடனே விலகினால் ஆபத்தில்லை. விலகாவிட்டால், நிற்கிறவள் முதுகுக்குப் பின்னால் சாலை.

இனி மச்சினன். இவனை நான் பல தடவை மாற்றி எழுதினேன். முதலில் பொறாமைக்காரனாக வைத்தேன், மாமா பேரைக் கெடுக்கப் பார்க்கிறவனாக. படித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு ஏனோதானோ ஆளாக வைத்தேன். அதுவும் ஒட்டவில்லை. கடைசியில் அவனை நல்லவனாகவே விட்டேன், அங்கேதான் கதை எனக்குக் கட்டுப்படாமல் போயிற்று.

பெரிய இன்ஜினியர் வேலியைப் பார்வையிட வருகிறார், பெயின்ட் அடித்து வையுங்கள் என்று கான்ட்ராக்டர் சொன்னார். மாமா வேறு வேலைக்குப் போயிருந்தார். மச்சினன் தனியாகப் பெயின்ட் அடித்துக்கொண்டு வந்தபோது ஒரு கம்பி கையில் ஆடியது. தூக்கிப் பார்த்தான், கழன்று வந்தது. மாமாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தான். கொஞ்ச நாளாகவே அவர் கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. போன மாதம்தான் ஒரு வீட்டு இரும்புக் கேட்டில் கீல் விட்டுப்போய், வீட்டுக்காரர் பத்துப் பேர் முன்னால் அவரைத் திட்டிவிட்டுப் போயிருந்தார்.

பெரியவர் செய்த பிழையை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? மச்சினன் மிஷினைக் கொண்டுவந்து கம்பியின் மேலும் கீழும் அழுத்தமாக வெல்டு வைத்தான். பெயின்ட் பூசினான். யாரிடமும் மூச்சுவிடவில்லை. அன்று சாயங்காலம் மாமாவுக்கு டீ வாங்கிக் கொடுத்து, வழக்கத்தைவிட மரியாதையாகப் பேசினான்.

5

மறுநாள் காலை அவள் சாலையின் முதல் பாதியைக் கடந்து வேலிக்கு வந்தாள். கம்பியைப் பிடித்துத் தூக்கினாள். கம்பி

பக்கத்துக் கம்பியோ என்று அதையும் இழுத்துப் பார்த்தாள். மறுபடி இதையே பிடித்து, இரண்டு கையாலும்

பின்னால் ஒரு

இந்த இடத்தில் நான் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்து வேறு மாதிரி எழுதினேன். லாரிக்காரர் பிரேக்கை மிதிக்கிறார். அவள் நடுங்கிப் போய் வீடு திரும்புகிறாள். "நல்லா வச்சீங்க கதவு" என்று கணவரைப் பிடித்து உலுக்குகிறாள். மூன்று பேரும் உட்கார்ந்து நடந்ததைப் பேசித் தெரிந்துகொள்கிறார்கள், அழுகிறார்கள், சிரிக்கிறார்கள். அருமையான பக்கம். நூல் போடுகிறவர்களுக்கும் பிடித்திருக்கும், அந்த இடத்தில் கோடு போட்டு, சிக்னல் வைத்து, சைக்கிளுக்கு ஒரு தடம் விட்டு முடித்திருக்கலாம். ஆனால் அந்தச் சாலையை நான் தினமும் பார்க்கிறேன். அங்கே யாரும் பிரேக் பிடிப்பதில்லை.

அவள் செத்துப்போனாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இந்த இரண்டு வாக்கியத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

6

காரியமெல்லாம் முடிந்த பிறகு வெல்டர் வேலிக்குப் போனார். கம்பியைத் தொட்டார். வெல்டைப் பார்த்தார். கூடவே வேலை செய்கிறவனின் வெல்டு கையெழுத்து மாதிரி, அடையாளம் தெரியும். யார் வைத்தது என்று தெரிந்தது. ஏன் வைத்தான் என்பதும், அன்றைய டீயையும் மரியாதையையும் நினைத்தபோது, தெரிந்துவிட்டது: மாமா கண் தவறி விட்டதென்று மூடி மறைத்திருக்கிறான். வண்டிகள் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போக, அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். சொல்லக் கூடாது என்று அங்கேயே முடிவெடுத்தார். அக்காவைக் கொன்ற கை தன் கை என்று தெரிந்தால் அவன் உயிரோடு இருக்க மாட்டான்.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "அதான் பாலம் கட்டி விட்டிருக்காங்களே, அதுல போனா என்னவாம்?" என்றார்கள் முதலில். பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பியது. "வழியே இல்லாத எடத்துல வேலியப் புடிச்சிட்டு நின்னாளாம். வேணும்னே நின்னாளோ என்னவோ." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில்: "வீட்டுல என்ன பிரச்சனையோ. யாரு கண்டா."

அது சுற்றிச் சுற்றி மச்சினன் காதுக்கு வந்தது.

7

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

முதலாவதில் வெல்டர் உண்மையைச் சொல்லிவிடுகிறார். மனைவியின் பேர் மீள்கிறது, மச்சினன் போய்விடுகிறான். அந்தப் "போய்விடுகிறான்" எந்த அர்த்தத்தில் என்று எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இரண்டாவதில் சொல்லாமலே இருக்கிறார். மச்சினன் பிழைக்கிறான், அவள் தானாகப் போய்ச் செத்தவளாகவே ஊரில் நிலைக்கிறாள். அவர் கொடுமைக்காரக் கணவராகவும். தன் பேரைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அவள் பேரைத்தான் தாங்க முடியவில்லை.

மூன்றாவது நானாக யோசித்ததில்லை. அவரே பேசியது.

பட்டறையில் வேலை நின்று நாளாகியிருந்தது. பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். மச்சினன் வந்து எதிரில் நின்றான். உட்காரவில்லை.

"மாமா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளு."

"வீட்டுல ஏதாவது சண்டையா? அக்கா எதுனா மனசு ஒடைஞ்சு இருந்துச்சா?"

"இல்ல மச்சான்."

"அப்புறம் ஏன் அங்க போயி நின்னுச்சு? பாலம் அந்தப் பக்கம் இருக்கு. இது ஏன் வேலிகிட்ட போச்சு? தூங்க முடியல மாமா. கண்ண மூடினா அக்கா அங்க நின்னுக்கிட்டு இருக்கு."

வெல்டர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்திச் சொன்னார்:

"நான்தான் மச்சான் அந்த வழியா போகச் சொன்னேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் என்னால."

எழுதும்போது எனக்கு மூச்சு வந்தது. பொய் இல்லை, அவர் போகச் சொன்னது உண்மைதான். அவள் பேர் மீண்டுவிட்டது, தம்பியும் தப்பித்தான். பழி முழுக்க அவர் தலையில் இறங்கிவிட்டது, அது அவருக்குச் சம்மதம். இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டு நான் எழுந்து போயிருக்க வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்துவிட்டேன்.

அதற்குள் மச்சினன் கேட்டுவிட்டான்:

"அங்க வழியே இல்லியே மாமா. எப்படிப் போகச் சொன்னீங்க?"

இதற்கு அவர் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நாள்கணக்கில் யோசித்துவிட்டேன். இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், மச்சினன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.