கொக்கேரி கொடுத்த மனு

கிட்ட வந்து உட்காருங்கள். பெஞ்சு கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கும், ஏரி உட்கார்ந்துவிட்டுப் போன பெஞ்சு அது.

ஒரு திங்கட்கிழமை, மனு வாங்குகிற நாளில், எங்கள் ஊர் ஏரியான கொக்கேரி நலத்துறை ஆபீசுக்கு வந்து டோக்கன் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றது. நான் அந்த ஆபீஸ் வாசலில் டீ போடுகிறவன். வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு ஏரிக்கும் ஒரு டம்ளர் நீட்டினேன். சர்க்கரை வேண்டாம் என்றது.

அதன் முறை வந்ததும் ஏரி சொன்னது: "நின்னுக்கிட்டே இருக்கேன் ஐயா. என் இடத்துல பஸ் ஸ்டாண்டு வந்த நாள்லேருந்து நின்னுக்கிட்டே இருக்கேன். கால் கடுக்குது. ஆபீஸ் மூடுறதுக்குள்ள படுக்க ஒரு இடம் சொல்லுங்க. இல்லேன்னா பழைய இடத்துலயே போய்ப் படுத்துக்கறேன்."

பஸ் ஸ்டாண்டை மண் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். பழைய இடத்தில் பள்ளமாக மிச்சம் இருந்தது எங்கள் காலனி மட்டும்தான். அங்கே தெருமுனையில் இருப்பது என் வீடு. உள்ளே என் மகள் பூரணி, பச்சை உடம்புக்காரி, பிறந்த பிள்ளையோடு கட்டிலில் படுத்திருந்தாள். நான் பால் ஊற்றினேன். பாதி அடுப்பில் ஊற்றிவிட்டேன்.

ஆபீசில் அப்போது அதிகாரி கிடையாது. நாற்காலி காலி. பின்னால் இருக்கிற அதிகாரி பங்களாவும் காலி. ஆள் உயரத்துக்குச் சுற்றுச்சுவர், உள்ளே புல் மண்டிய பெரிய காம்பவுண்டு. மேலிடத்திலிருந்து போன் வந்தது: "ஏரியோட மனுவை இன்னைக்கு யாரு முடிக்கறாங்களோ, அவங்கதான் இனிமே அங்க அதிகாரி." அங்கே பதவி கொடுப்பது அப்படித்தான். கஷ்டமான மனு ஒன்று வரும்வரை நாற்காலியைக் காலியாகவே வைத்திருப்பார்கள்.

முதலில் ஜெயசீலன் சார் எழுந்தார். சமூகப் பணிக்கென்றே பட்டணத்தில் படித்துவிட்டு வந்தவர். மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களை எப்படி ஆற்றுவது என்று அவருக்குத் தெரியும்.

"பதட்டப்படாதீங்கம்மா. கண்ணை மூடுங்க. மூச்சை நல்லா உள்ளே இழுங்க" என்றார்.

ஏரி இழுத்தது. தரையெல்லாம் காய்ந்துபோனது.

"இப்ப மெதுவா விடுங்க."

விட்டது. ஆபீசுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஜெயசீலன் சார் மேஜைமேல் ஏறிக்கொண்டு, "இதையே இன்னும் ரெண்டு தடவை செய்யலாம்" என்றார். நாங்கள் எல்லோரும் வேண்டாம் என்றோம்.

அப்போதுதான் பிலோமினா அம்மா வந்தார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. அவர் வீடு வீடாகப் போகிற களப்பணியாளர். பதவி உயர்வுக்கு ஆளைக் கூப்பிடும்போதெல்லாம் யார் வீட்டிலாவது உட்கார்ந்திருப்பார். நடக்க முடியாத தாயோடு ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். அந்தப் பங்களா கேட்டைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

"என்ன மேடம், இந்த வாட்டியும் லேட்டா?" என்றார் மேஜைமேல் இருந்தவர்.

பிலோமினா அம்மா தண்ணீரிலேயே உட்கார்ந்தார். "சாப்டீங்களா?" என்று ஏரியைக் கேட்டார். நேற்று கொஞ்சம் மழை சாப்பிட்டதாக ஏரி சொன்னது. "சரி, எழுந்திரிங்க. வீட்டைப் பாக்காம நான் எதையும் முடிக்கிறதில்லை."

அவர் முன்னால் நடக்க, ஏரி பின்னால் வந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி நிற்கிற இடத்தைக் காட்டி, "இது என் ஆழம்" என்றது. கழிப்பறையைக் காட்டி, "இங்கதான் கொக்கு தூங்கும்" என்றது. பிறகு எங்கள் தெருமுனையில் வந்து நின்றது. நிற்கும்போதே அதற்கு முழங்கால் மடங்கியது. தண்ணீர் என் வாசற்படியைத் தொட்டது.

உள்ளேயிருந்து பூரணி குரல் கொடுத்தாள்: "யாரு வாசல்ல நிக்கறது? உள்ளே வாங்களேன்!"

ஏரி ஒரு அடி எடுத்து வைத்தது.

"பொறுங்கம்மா, பிள்ளை பெத்த வீடு. தீட்டு இன்னும் கழியலை" என்றார் பிலோமினா அம்மா.

"அடடா" என்று ஏரி காலை இழுத்துக்கொண்டது.

"எட்டிப் பாருங்க, பரவாயில்லை. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க. இங்க படுப்பீங்களா?"

ஏரி ஜன்னல் வழியாகப் பார்த்தது. பிள்ளை வீறிட்டு அழுதது.

"வேண்டாம். இது அழுதா எனக்குத் தூக்கம் வராது. மனுவைத் திருப்பி எடுத்துக்கறேன்" என்றது ஏரி. "ஆனா தாயி, இதுக்கு மேல என்னால நிக்க முடியாது."

தண்ணீர் படியேறி உள்ளே வந்தது. கட்டில் கால் நனைந்தது. பிலோமினா அம்மா, "அண்ணே, போன்!" என்று கை நீட்டினார். கொடுத்தேன். மேலிடத்துக்குப் போட்டார்.

"மனு முடிஞ்சுது சார்."

"யாரு முடிச்சது?"

தெரு தாண்டித் தெரிந்த பங்களா சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார்.

"ஏரிதான் சார் முடிச்சுது. தானே பாத்து, தானே முடிச்சுக்கிச்சு."

"அப்போ அவங்கதான் அதிகாரி. பங்களா சாவியைக் கொடுத்துடுங்க."

சாவிக்குக்கூட ஏரி காத்திருக்கவில்லை. சுவரேறிக் குதித்து, காம்பவுண்டு முழுக்கக் கையையும் காலையும் நீட்டிப் படுத்தது. அது விட்ட பெருமூச்சில் ஊர் முழுக்கக் காயப்போட்ட துணி ஆடியது.

மறுநாளிலிருந்து ஜெயசீலன் சார் பரிசலில் போய்க் கையெழுத்து வாங்கி வருகிறார். நல்ல அதிகாரி, யாரையும் காக்க வைப்பதில்லை என்கிறார்.

பிலோமினா அம்மா அந்த மறுநாள் காலையும் களத்துக்குத்தான் போனார். கல்குவாரிக்காரர்கள் பாதி தின்றுவிட்ட கரட்டுமலைக்கு நடந்துபோய், துணை அதிகாரி பதவி இன்னும் காலியாக இருக்கிறது என்று அதன் காதில் சொன்னார். திரும்பி வருகிற வழியில் தச்சாசாரி பட்டறையில் நின்று, ஒரு நாற்காலிக்குக் கால் நல்ல தடிமனாக வைக்கச் சொல்லிவிட்டு வந்தார்.