மற்ற நாற்பத்தேழு

சனிக்கிழமை பின்னேரங்களில் எனக்கு வேலை போடக்கூடாது என்று முதியோர் இல்லச் சமையலறைப் பொறுப்பாளியிடம் கோடையிலேயே சொல்லிவிட்டேன். என் மகன் அமெரிக்காவில் விளையாடுகிறான், பார்க்க வேண்டும் என்றேன். "அதை ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாமே, அனஸ்ரேசியா" என்று சிரித்தாள். அவளுக்கென்ன, பிள்ளைகள் இரண்டும் பக்கத்தில் ஸ்ட்ரோம்மனில் இருக்கின்றன, நினைத்த நேரம் போய்ப் பார்ப்பாள். வந்த கோபத்தில் கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். சனிக்கிழமை எனக்குக் கிடைத்தது.

எனக்கு ஒரே பிள்ளை, கிளின்ரன். தகப்பன் இறந்த பிறகு ஹவுகெட்டோவில் உள்ள வீட்டில் நானும் அவனும்தான். இங்குள்ள தமிழ் விளையாட்டுக் கழகத்தில் பந்தடித்துத் திரிந்தவன், பிறகு அமெரிக்கர்களின் அந்த முட்டைப் பந்து விளையாட்டில் சேர்ந்தான். அவன் இடக்காலால் உதைக்கிற உதையை வீடியோவில் பார்த்த ஒரு அமெரிக்கக் கல்லூரி, படிப்புச் செலவு முழுக்கத் தன்னுடையது, வா என்று கூப்பிட்டது. போ என்று நான்தான் சொன்னேன். விமான நிலையத்திலிருந்து ரயிலில் தனியே திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. மனுசன் செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

போன கையோடு ஒரு சட்டை அனுப்பினான். முதுகில் நாற்பத்தேழு. பெயர் இல்லை, அந்தக் கல்லூரியில் சட்டைக்குப் பெயர் போடும் வழக்கம் இல்லையாம். இதுதான் அம்மா என்ரை நம்பர் என்றான். நான் அதைக் குளிர்ச்சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டு குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்கு மீன் வாங்கக்கூடப் போயிருக்கிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டுமே.

சனி பின்னேரம் ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கும். வர்ணனைக்காரர்களின் கத்தல் எனக்குத் தலையிடி, விளங்குவதும் இல்லை, சத்தத்தை அடியோடு நிறுத்திவிடுவேன். நாற்பத்தேழை மட்டும் பார்ப்பேன். தலைக்கவசத்துக்குள் முகம் எங்கே தெரியப்போகிறது? கை நிறம் என் பிள்ளையின் நிறம்தான். எங்கள் கழகத்தில் ஓர் எண்ணை ஒருவனுக்குக் கொடுத்தால் அது அவனுக்குத்தான். கிளின்ரன் போட்ட பத்தாம் எண் சட்டையை அவன் போன பிறகு கேட்ட பொடியனை, கழகத்தை நடத்துகிற யோசேப்பு அண்ணை ஏசிக் கலைத்துவிட்டார். பிறகு நாற்பத்தேழைக் கண்டால் நான் வேறென்ன நினைப்பேன்?

முதல் ஆட்டத்திலேயே நாற்பத்தேழு பாய்ந்து ஒரு தடியனைக் கட்டிப்பிடித்து விழுத்தியது. பந்து உதைக்கக் கூப்பிட்டுவிட்டு ஆட்களை விழுத்த விடுகிறார்களே, கட்டையில போவார் என்று திட்டினேன். திட்டினாலும் சந்தோசம் தாங்க முடியவில்லை. ஆட்டம் முடிய அவனைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"டேய், இண்டைக்கு ஒருத்தனை அப்பிடியே சரிச்சுப் போட்டாய் என்ன! நான் கத்தின கத்திலை மேல்வீட்டுக்காரன் வந்து கதவிலை தட்டினவன்!"

மெல்லச் சொன்னான்.

"ஓம் அம்மா."

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் அதே கதைதான். நான் பார்த்ததையெல்லாம் அவனுக்கே ஒப்புவிப்பேன், அவன் ஓம் அம்மா, ஓம் அம்மா என்பான். ஞாயிறு பூசை முடிய யோசேப்பு அண்ணையைப் பிடித்து வைத்து அவருக்கும் ஒப்புவிப்பேன். அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவேன். பிள்ளையின் கை கால் முறியாமல் பார்த்துக்கொள் ஐயா என்பதைத் தவிர வேறொன்றும் நான் கேட்டதில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு வெளியூர் ஆட்டம். நாற்பத்தேழின் காலுக்கு மேல் இரண்டு பேர் விழுந்தார்கள். எழுந்த இரண்டு பேரும் தலையில் கை வைத்தார்கள். நாற்பத்தேழு எழும்பவில்லை. வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அவசரத்தில் எடுத்த தொலைபேசி இரண்டு தரம் நிலத்தில் விழுந்தது. யாராவது தாதி எடுத்தால் ஆங்கிலத்தில் என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே அடித்தேன்.

"என்ன அம்மா?" அவனேதான்.

"தம்பி! காலடா? எந்த ஆஸ்பத்திரியிலை நிக்கிறாய்?"

"நான் றூமிலை நிக்கிறன்."

"விசர்க் கதை கதையாதை! இப்ப உன்னைத் தூக்கிக்கொண்டு போனதை நான் பாத்தனான்!"

"அது நான் இல்லை அம்மா. அது மற்ற நாற்பத்தேழு."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவன்தான் மெல்ல மெல்லச் சொன்னான். "இஞ்சை ஒரு ரீமிலை நூறு பேருக்கு மேலை. நம்பர் காணாது. அதாலை ஒரே நம்பரை ரெண்டு பேருக்குக் குடுப்பினம். ரெண்டு பேரும் ஒரே நேரத்திலை இறங்கக் கூடாது, அவ்வளவுதான். என்னை இந்த வருசம் ஒருக்காலும் இறக்கேல்லை அம்மா. வெளியூருக்குக் கூட்டிக்கொண்டு போறதுமில்லை."

"அப்ப ஏன்ரா எனக்கு ஓம் ஓம் எண்டனீ?"

"அப்பா போன பிறகு நீங்கள் அப்பிடிச் சிரிச்சுக் கதைச்சு நான் கேக்கேல்லை. இல்லை எண்டு சொல்ல வாய் வரேல்லை."

நல்லாய் ஏசினேன். பொய்யன், கள்ளன், தகப்பனைப் போல வாயைத் திறக்காதவன், எல்லாம் சொன்னேன். ஏச்சு முடிந்து மூச்சு வாங்கும்போதுதான், ஆட்டம் நடக்கிற நாளில் ஊரெல்லாம் போயிருக்க இந்தப் பிள்ளை ஓர் அறைக்குள் தனியே இருந்து அதைப் பார்த்திருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. நானும் இங்கே இருந்து அதையேதான் பார்த்தேன். சனிக்கிழமைகளில் நான் தனியே இல்லை என்று நினைத்திருந்தேன். தனியேதான் இருந்திருக்கிறேன்.

"அந்தப் பிள்ளைக்குக் கால் எப்பிடி?" என்று கேட்டேன்.

"தெரியாது அம்மா."

"அறிஞ்சு சொல்லு. இவ்வளவு நாளும் அவனுக்குத்தானே மெழுகுதிரி கொளுத்தினனான். அவனைப் பெத்தவள் இப்ப என்ன பாடுபடுறாளோ."

அடுத்த நாள் பூசைக்குப் போகவில்லை. யோசேப்பு அண்ணையின் முகத்தில் முழிக்க மனமில்லை. பின்னேரம் வெளியே இருட்டிவிட்டது, சமையலறையில் இருந்து அவனை வீடியோவில் கூப்பிட்டேன்.

"மைதானம் திறந்திருக்கோ? போய் உதை. நான் பாக்கவேணும்."

"ஒருத்தரும் இல்லை அம்மா, ஞாயிற்றுக்கிழமை."

"நான் இருக்கிறன் தானே. போடா."

போனான். அங்கே நல்ல வெயில். தொலைபேசியைப் பையில் சாத்தி வைத்துவிட்டு முன்னால் வந்து நின்றான். எண் ஒன்றுமில்லாத சாம்பல் நிறச் சட்டை. மெலிந்துவிட்டான். பந்தை நிறுத்தி, பின்னால் நடந்து, ஓடிவந்து இடக்காலால் உதைத்தான். பந்து திரைக்கு மேலே போய் மறைந்துவிட்டது. எனக்கு அவனுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. அவன் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா, கம்பத்துக்கு உள்ளாலை போச்சோ?"

திரும்பிப் பார்த்தான். ஓம் என்று சொல்லியிருந்தால் எனக்கு எப்படித் தெரியப்போகிறது?

"இல்லை அம்மா. வெளியாலை போட்டுது."

எனக்கு அழுகை வந்தது. அந்த இலையுதிர்காலம் முழுவதிலும் அவன் சொன்ன எதுவும் என்னை அவ்வளவு சந்தோசப்படுத்தியதில்லை. பந்தை எடுத்துக் கொடுக்க அங்கே ஆள் இல்லை, அவனே எடுக்க நடந்து போனான்.

"எடுத்துக்கொண்டு வா, நான் இஞ்சைதான் நிக்கிறன்!" என்று கத்தினேன்.

அதற்குள் அவன் தூரப் போய்விட்டான், கேட்டிருக்காது.